வயிற்றைக் கீறிப் பிள்ளை எடுத்தவள் வலியையும் பொறுக்கத்தான் வேண்டுமா?

"வலிக்காம பிள்ளை பெத்தவ உலகத்துல எவ இருக்கா? பல்லக் கடிச்சிக்கிட்டுப் பொறுத்துக்க!"

நம் தோட்டத்து லயங்களில் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுப் பழகிப்போன பேச்சு இது. மாமியார் சொல்வார், பக்கத்து வீட்டு அக்காள் சொல்வார், பெற்ற தாயே சொல்வார். லயத்தில் மருத்துவச்சி பிள்ளை எடுத்த காலத்தில் வேறு வழி இல்லாததால் பிறந்த பேச்சு. ஆறுதலாகச் சொன்னது நாளடைவில் சட்டமாகிவிட்டது. இன்று ஆபரேஷன் செய்து பிள்ளை எடுக்கப்பட்ட பெண்ணிடமும் அதே சட்டத்தைத்தான் நீட்டுகிறோம். இது நியாயமா?

ஆபரேஷன் என்றால் என்ன நடக்கிறது என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். அடிவயிற்றுத் தோல், அதன் கீழே கொழுப்பு, அதன் கீழே தசையை மூடிய உறை, அதற்கும் கீழே கர்ப்பப்பை என்று ஒவ்வோர் அடுக்காகத் திறந்து பிள்ளையை எடுக்கிறார்கள். பிறகு ஒவ்வோர் அடுக்காகத் தைக்கிறார்கள். பெரிய ஆபரேஷன் அது. குடல்வால் ஆபரேஷன் செய்துகொண்ட ஆண்பிள்ளையை நாம் எப்படி நடத்துகிறோம்? "அசையாம படுங்கண்ணே" என்கிறோம். கஞ்சியைக் கையில் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். பிள்ளை பெற்றவளுக்கோ அன்றைக்கே கையில் குழந்தை. பால் கொடுக்க வேண்டும், துணி மாற்ற வேண்டும், ராத்திரி கண் விழிக்க வேண்டும். அவளைப் பார்த்துத்தான் "பொறுத்துக்க" என்கிறோம்!

தாய்மார்களே, அவர்களைக் கட்டிக்கொண்ட தோழர்களே! ஆபரேஷனுக்குப் பின் வரும் வலி பொறுத்துக்கொள்ள வேண்டிய விதி அல்ல. அதற்கு மருந்து உண்டு. ஒரு மருந்து அல்ல, பல உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நன்மையும் ஒரு தொல்லையும் இருக்கிறது. எது எப்போது நல்லது என்று நமக்குத் தெரிந்திருந்தால், கேட்டு வாங்கிக்கொள்ளலாம். தெரியாவிட்டால் வாய்மூடிக் கிடப்போம்.

வலியை விட்டுவைத்தால் என்ன ஆகும்?

"வலி ரெண்டு நாள்ல போயிடும், எதுக்கு மருந்து?" என்பார் உண்டு. வலி வெறும் வேதனையோடு நின்றுவிடுவதில்லை.

வயிறு வலிக்கும் என்று பயந்து அந்தப் பெண் ஆழமாக மூச்சு இழுக்க மாட்டாள், இரும மாட்டாள். நெஞ்சில் சளி தேங்கும். எழுந்து நடக்க மாட்டாள். பிள்ளைப்பேற்றுக்குப் பின் காலில் இரத்தம் உறையும் ஆபத்து இயல்பாகவே கூடுதல், படுத்தே கிடந்தால் இன்னும் கூடும். நிமிர்ந்து உட்கார முடியாததால் பிள்ளைக்குச் சரியாகப் பால் கொடுக்க முடியாது. பால் கட்டிக்கொண்டு அது வேறு வலி. முதல் நாட்களில் கடும் வலி பட்ட தாய்மாருக்கு, பல வாரம் நீடிக்கும் வலியும் மனச்சோர்வும் கூடுதலாக வருவதை ஆய்வுகள் எடுத்துக் காட்டியிருக்கின்றன. ஆகவே வலியைத் தணிப்பது சொகுசு அல்ல. தாயும் பிள்ளையும் தேறுவதற்கான வைத்தியத்தில் அதுவும் ஒரு பாகம்.

ராணிக்கு ஒரு நியாயம், ராக்கம்மாளுக்கு ஒரு நியாயமா?

இந்தச் சண்டை நமக்கு மட்டும் வந்தது அல்ல. 1847-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் ஜேம்ஸ் யங் சிம்சன் என்ற டாக்டர், பிள்ளை பெறும் பெண்ணுக்குக் குளோரோபாரம் என்ற மயக்க மருந்தைக் கொடுத்தார். உடனே எதிர்ப்புக் கிளம்பியது. "பெண் வேதனைப்பட்டுத்தான் பெற வேண்டும், அது கடவுள் கட்டளை" என்று சிலர் வேதத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். டாக்டர்களிலேயே பலர் முகம் சுளித்தார்கள்.

1853-இல் விக்டோரியா மகாராணியே தம் எட்டாவது பிள்ளையைப் பெறும்போது அந்த மருந்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அதன்பிறகு எதிர்த்த வாய்கள் மெல்ல மெல்ல அடங்கின. ராணி வலி வேண்டாம் என்றால் அது மரியாதை; பால்மரம் சீவிய குடும்பத்து ராக்கம்மாள் வலி வேண்டாம் என்றால் அது "செல்லம் கொஞ்சுறது". இந்தப் பாகுபாட்டை நாமே நம் வீட்டுப் பெண்களுக்குச் செய்யலாமா?

நம் நாட்டில் ஒரு நல்ல விதி

நம் மலேசிய சுகாதார அமைச்சு 2008-இல் ஒரு நல்ல முடிவு எடுத்தது. ஆஸ்பத்திரியில் தாதி வந்து காய்ச்சல், நாடித் துடிப்பு, மூச்சு, இரத்த அழுத்தம் என்று நான்கையும் பார்த்து எழுதுவாரே, அதோடு ஐந்தாவதாக வலியையும் கேட்டு எழுத வேண்டும் என்பதுதான் அந்த முடிவு. செலாயாங் மருத்துவமனையின் வலி நிபுணர் டாக்டர் மேரி கார்டோசா போன்றவர்கள் இதற்காகப் பாடுபட்டவர்கள்.

கேட்கும் முறை எளிது. வலியே இல்லை என்றால் 0. இதைவிட மோசமான வலி இருக்கவே முடியாது என்றால் 10. நடுவில் உங்கள் வலி எத்தனை? 3 வரை லேசானது, 4 முதல் 6 வரை நடுத்தரம், 7-க்கு மேல் கடுமை. 4-ஐத் தொட்டாலே ஏதாவது செய்தாக வேண்டும் என்பது கணக்கு.

விதி நல்ல விதிதான். ஆனால் தாதி "எத்தனை?" என்று கேட்கும்போது நம் பெண் என்ன சொல்கிறாள்? வலி உயிர் போகும், வாயோ "பரவால்ல மிஸ்ஸி" என்னும். தாதி 2 என்று எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். அவரையும் குறை சொல்வதற்கில்லை. பிள்ளைப்பேற்று வார்டில் ஒரு தாதிக்கு எத்தனை கட்டில்! சொல்லாத வலியை அவர் எப்படி அறிவார்?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லா நாட்டிலும் ஏழைகளின் வலி, மொழி தெரியாதவர்களின் வலி, குறைவாகவே காதில் விழுகிறது. அமெரிக்காவில் 2019-இல் வெளிவந்த ஆய்வுகளில், கறுப்பினத் தாய்மாரும் ஸ்பானிய வழித் தாய்மாரும் வலி அதிகம் என்று எண் சொல்லியும், வெள்ளைக்காரத் தாய்மாரைவிடக் குறைவான வலிமருந்தே பெற்றார்கள் என்று தெரிந்தது. பணக்கார நாட்டிலேயே இந்தக் கதி. ஆகவே நாம் இரண்டு பங்கு தெளிவாகச் சொல்ல வேண்டும்.

மலாய் சரளமாக வராத பெண்கள் இரண்டே சொற்களை மனத்தில் வைத்துக்கொள்ளட்டும். "சாக்கிட்" என்றால் வலி. "ஊபாட் தாஹான் சாக்கிட்" என்றால் வலியைத் தாங்கும் மருந்து. விரலை நீட்டி எண்ணைக் காட்டினாலும் போதும். படுத்திருக்கும்போது உள்ள எண்ணை மட்டும் சொல்லாதீர்கள். இருமினால் எத்தனை, எழுந்து நின்றால் எத்தனை என்று சேர்த்துச் சொல்லுங்கள். படுத்திருந்தால் 2, எழுந்தால் 8 என்பதுதான் பல பேருடைய நிலைமை.

முதல் நாள்: எந்த மருந்து நல்லது?

கிள்ளான் துங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையோ, கோலாலம்பூர் துங்கு அசிசா மருத்துவமனையோ, பிரிக்பீல்ட்ஸ் பக்கத்து மக்கள் போகும் மலாயா பல்கலைக்கழக மருத்துவ மையமோ, எங்கே ஆபரேஷன் நடந்தாலும் பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வதுதான் இன்றைய முறை. தாய் விழித்திருப்பாள், பிள்ளையின் முதல் அழுகையைக் கேட்பாள்.

அந்த முதுகு ஊசியிலேயே மரப்பு மருந்தோடு ஒரு துளி மார்பினும் சேர்க்கலாம். எவ்வளவு? 0.1 மில்லிகிராம் அளவு போதும். ஒரு கிராமைப் பத்தாயிரம் பங்கு போட்டால் ஒரு பங்கு! நேராக முதுகுத் தண்டைச் சுற்றிய நீரில் சேர்வதால் அவ்வளவு சிறிய அளவே ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க வலியை அடக்கி வைக்கிறது. முதல் நாளுக்கு இதற்கு ஈடான மருந்து வேறு இல்லை என்றே சொல்லலாம். தொல்லை என்ன? உடம்பு அரிக்கும், சிலருக்கு வாந்தி வரும். இரண்டுக்கும் மாற்று மருந்து உண்டு. அரிதாக மூச்சு மெதுவாகும்; அதனால்தான் தாதி அடிக்கடி வந்து மூச்சை எண்ணிப் பார்க்கிறார். "அரிக்குது, ஏதோ ஒவ்வாமை" என்று பயந்துவிடாதீர்கள், தாதியிடம் சொல்லுங்கள்.

"முதுகுல ஊசி போட்டா ஆயுசுக்கும் இடுப்பு வலி" என்று ஒரு பேச்சு ஊரெல்லாம் உண்டு. ஊசி போட்ட இடம் சில நாள் நோகும், உண்மைதான். ஆனால் பிள்ளை பெற்ற பெண்ணுக்கு வரும் நீண்ட நாள் இடுப்பு வலி, ஊசி போட்டவர்க்கும் வருகிறது, போடாதவர்க்கும் வருகிறது. பத்து மாதம் பாரம் சுமந்த இடுப்பு அல்லவா? பழியை ஊசி மேல் போடுவது பொருந்தாது.

அவசரத்தில் முழு மயக்கம் கொடுத்து ஆபரேஷன் செய்தால் இந்த முதுகு ஊசி நன்மை கிடைக்காது. விழித்தவுடன் வலி சுள்ளென்று தெரியும். அவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. ஒன்று, வயிற்றுத் தசை நரம்புகளில் அல்லது காயத்தைச் சுற்றி மரப்பு மருந்து போடுவது; சில மணி நேரம் கை கொடுக்கும். மற்றொன்று, பொத்தான் வைத்த மார்பின் இயந்திரம். வலிக்கும்போது நோயாளியே பொத்தானை அழுத்தினால் ஓர் அளவு மருந்து இரத்தத்தில் இறங்கும். அளவுக்கு மேல் எத்தனை தடவை அழுத்தினாலும் இறங்காது. ஆனால் ஒரு விஷயம் கவனம்! அந்தப் பொத்தானை நோயாளி மட்டுமே அழுத்த வேண்டும். பாசத்தில் புருஷனோ அம்மாவோ தூங்குகிறவளுக்காக அழுத்தினால் மூச்சுக்கே ஆபத்தாக முடியலாம்.

பழைய நாளில் பெத்தடின் ஊசிதான் எல்லோருக்கும் தெரிந்த வலி ஊசி. இன்றைக்குப் பால் கொடுக்கும் தாய்க்குத் திரும்பத் திரும்ப அதைப் போடுவதை டாக்டர்கள் விரும்புவதில்லை. அதன் எச்சம் பிள்ளையின் உடம்பில் தங்கி மந்தமாக்கும்.

அடுத்த நாட்கள்: எளிய மாத்திரைகளே அஸ்திவாரம்

இப்போது நான் அழுத்திச் சொல்ல விரும்பும் இடத்துக்கு வருகிறேன். விலை உயர்ந்த மருந்துதான் நல்ல மருந்து என்று நினைக்காதீர்கள். ஆபரேஷன் செய்த தாய்க்கு அஸ்திவாரமாக இருப்பவை இரண்டு எளிய மாத்திரைகள்.

ஒன்று பாரசிட்டமால். நாம் பெனடோல் என்று கடையில் வாங்குவது. 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை. இருபத்து நான்கு மணி நேரத்தில் எட்டு மாத்திரைக்கு மேல் கூடாது. மீறினால் ஈரலைக் கெடுக்கும். ஐம்பது கிலோவுக்குக் குறைந்த எடையுள்ளவரும் ஈரல் நோய் உள்ளவரும் டாக்டரைக் கேட்டு அளவைக் குறைக்க வேண்டும். சளி மாத்திரைகள் பலவற்றில் பாரசிட்டமால் கலந்திருக்கும். இரண்டையும் சேர்த்து விழுங்கக் கூடாது.

மற்றொன்று வீக்கத்தையும் வலியையும் சேர்த்துக் குறைக்கும் வகை. வோல்ட்டரன், போன்ஸ்டன், ஐபுபுரூபன் என்ற பெயர்களில் வருபவை. இவற்றில் ஏதாவது ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். இரண்டை ஒன்றாக எடுக்கக் கூடாது. பிள்ளை பால் குடிக்கும்போது கர்ப்பப்பை சுருங்கிச் சுருங்கி வலிக்குமே, இரண்டாவது மூன்றாவது பிள்ளைக்கு இன்னும் கூடுதலாக, அந்த வலிக்கு இந்த வகைதான் நன்றாகக் கேட்கும்.

ஆனால் இது எல்லோருக்கும் ஆகாது. குடல் புண் உள்ளவர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர், இந்த மாத்திரையால் இழுப்பு கண்டவர், பிரசவத்தில் இரத்தம் அதிகம் போனவர், இரத்தக் கொதிப்பால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர் டாக்டர் சொல்லாமல் தொடக் கூடாது. சாப்பிட்ட பிறகே விழுங்க வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கில் டிங்கிக் காய்ச்சல் ஓயாத நோய். காய்ச்சல் கண்டால் இந்த வகையை உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டிங்கியாக இருந்தால் இரத்தக் கசிவைக் கூட்டிவிடும்.

இந்த இரண்டு வகையும் வெவ்வேறு வழியில் வேலை செய்வதால், ஒன்றாகச் சேரும்போது பலம் கூடுகிறது. ஆனால் ஒரு நிபந்தனை. கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிட வேண்டும்! வலி வந்து, துடித்து, அழுது, அதன்பிறகு மாத்திரை தேடினால், அது வேலை செய்ய முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் வலி தலைக்கேறிவிடும். மழை வந்தபிறகா கூரை ஓட்டையை அடைப்பது? முதல் மூன்று நான்கு நாள் வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், டாக்டர் எழுதிக் கொடுத்த நேரத்துக்கு விழுங்குங்கள். பிறகு படிப்படியாகக் குறைத்துக்கொள்ளலாம்.

"மாத்திரை சாப்பிட்டா பால்ல இறங்கி புள்ளைக்குப் போயிடும்" என்ற பயம்தான் நம் பெண்களை அதிகம் தடுக்கிறது. பாரசிட்டமால், ஐபுபுரூபன், வோல்ட்டரன் ஆகியவை தாய்ப்பாலில் மிக மிகக் குறைவாகவே இறங்குகின்றன. பால் கொடுக்கும் தாய்க்கு இவை ஏற்றவை என்பது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட விஷயம். வலி தாளாமல் பால் கொடுப்பதையே நிறுத்திவிடுவதுதான் பிள்ளைக்கு நஷ்டம்.

பலத்த மருந்து: தேவைக்கு மட்டும்

இரண்டும் சேர்ந்தும் போதவில்லை என்றால் டிராமடோல், கோடீன் வகை, மார்பின் வகை என்று பலத்த மருந்துகள் இருக்கின்றன. இங்கேதான் எச்சரிக்கை தேவை. 2017-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா, பால் கொடுக்கும் தாய்மாருக்கு கோடீனும் டிராமடோலும் வேண்டாம் என்று எச்சரித்தது. சிலருடைய உடம்பு இம்மருந்துகளை மிக வேகமாக வீரியம் கூடிய பொருளாக மாற்றிவிடும். அது பாலில் இறங்கிப் பிள்ளையை மயங்க வைக்கும். யாருடைய உடம்பு அப்படி என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஆகவே டாக்டர் டிராமடோல் எழுதினால், "நான் பால் கொடுக்கிறேன் டாக்டர்" என்று வாய் திறந்து சொல்லுங்கள். வேறு மருந்து உண்டா என்று கேளுங்கள். எடுத்தே ஆக வேண்டுமானால் குறைந்த அளவு, குறைந்த நாள். பிள்ளை வழக்கத்துக்கு மேல் தூங்கினாலோ, பால் இழுக்காமல் துவண்டாலோ, மூச்சுத் திணறினாலோ, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். அந்த மருந்து எடுத்த இரவில் தூக்கக் கலக்கத்தோடு பிள்ளையைப் பக்கத்தில் போட்டுப் படுக்காதீர்கள். இந்த வகை மலச்சிக்கலையும் கொடுக்கும். முக்கினால் தையல் வலிக்கும்.

அமெரிக்காக்காரன் இதில் சூடுபட்டவன். 1990-களிலிருந்து அங்கேயும் வலியை ஐந்தாவது அடையாளம் என்றார்கள். ஆனால் வலிக்குதா என்று கேட்டவுடன் பலத்த மாத்திரையை அள்ளிக் கொடுத்தார்கள். எத்தனையோ பேர் அதற்கே அடிமையாகிப் போனார்கள். 2016-இல் அந்நாட்டு மருத்துவச் சங்கம் அந்த முழக்கத்தையே கைவிடச் சொன்னது. வலியைக் கேட்டது தப்பு அல்ல, எல்லா வலிக்கும் ஒரே பலத்த மருந்து என்று போனதுதான் தப்பு. நாம் அந்தத் தப்பையும் செய்ய வேண்டாம். கேட்காமல் விடும் தப்பையும் செய்ய வேண்டாம்.

ஆக, என் கணக்கு இதுதான். முதல் நாளுக்கு முதுகு ஊசியோடு ஒரு துளி மார்பின். அது வாய்க்காவிட்டால் நரம்பு மரப்பு அல்லது பொத்தான் இயந்திரம். முதல் நாளிலிருந்தே, டாக்டர் சொல்லும் நேரத்தில், பாரசிட்டமாலும் வீக்கம் குறைக்கும் மாத்திரையும் கடிகாரப்படி. பலத்த மாத்திரை கடைசியில், குறைந்த நாளுக்கு. எல்லா ஆஸ்பத்திரியிலும் எல்லா வசதியும் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த இரண்டு எளிய மாத்திரைகள் எங்கேயும் கிடைக்கும். அதைக்கூட ஒரு தாய் கேட்டு வாங்காமல் கிடக்கலாமா?

வீட்டுக்கு வந்த பிறகு

நம்முடைய பத்திய முறைகளை எல்லாம் நான் குறை சொல்லப் போவதில்லை. பிள்ளைக்காரிக்கு ஓய்வு கொடுத்து, வேலை வாங்காமல், சூடாகச் சமைத்துப் போடும் வழக்கத்தை எந்த டாக்டரும் மெச்சுவார். பூண்டுக் குழம்பு தாராளமாகச் சாப்பிடட்டும். ஆனால் "தண்ணி குடிச்சா வயிறு பெருத்துடும்" என்று தண்ணீரை நிறுத்துவது தப்பு. மலம் இறுகும், பாலுக்கும் தண்ணீர் வேண்டும். சூடான கல் ஒத்தடத்தை வெட்டுக் காயத்தின் மேல் வைக்கக் கூடாது. அந்த இடம் மரத்திருப்பதால் தோல் வெந்தாலும் தெரியாது. வயிற்றில் துணி கட்டுவது இதமாக இருந்தால் கட்டட்டும். மூச்சு முட்ட இறுக்க வேண்டாம்.

கடைத்தெருவில் பெயர் தெரியாத ஜாமு, "ஒரே நாளில் வலி பறக்கும்" என்று விற்கும் உருண்டை, இவற்றைத் தொடாதீர்கள். பாரம்பரிய மருந்து என்ற பெயரில் விற்பவற்றில் ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் இரகசியமாகக் கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்து வருகிறது.

காசு செலவில்லாத வைத்தியமும் உண்டு. இருமும்போதும் சிரிக்கும்போதும் ஒரு தலையணையைக் காயத்தின் மேல் அணைத்துக்கொள்ளுங்கள். படுக்கையிலிருந்து நேராக எழாமல், ஒருபக்கம் திரும்பிக் கையூன்றி எழுங்கள். மாத்திரை விழுங்கி ஒரு மணி நேரம் கழித்து மெல்ல நடங்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். பிள்ளையைவிடப் பாரமான எதையும் ஆறு வாரத்துக்குத் தூக்காதீர்கள்.

வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறைந்த வலி மறுபடி ஏறினால் அது சாதாரண வலி அல்ல. காய்ச்சல், காயத்தில் சீழ், நாற்றமெடுக்கும் கசிவு, ஒரு மணி நேரத்தில் ஒரு துணி நனையும் இரத்தப் போக்கு, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், கண் மங்கிய தலைவலி, உட்கார்ந்தால் பிளப்பதும் படுத்தால் தணிவதுமான தலைவலி, இவற்றில் எது வந்தாலும் மாத்திரையால் அமுக்கி வைக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நம் நாட்டில் பிள்ளை பெற்ற வீட்டுக்கு அரசாங்கத் தாதி வந்து பார்க்கிறார். அவர் வரும் நாளில் "எல்லாம் நல்லாயிருக்கு" என்று வாசலோடு அனுப்பிவிடாதீர்கள். காயத்தைக் காட்டுங்கள், வலியின் எண்ணைச் சொல்லுங்கள்.

யார் யார் என்ன செய்ய வேண்டும்?

புருஷன்மார்களே! 2023 ஜனவரி 1 முதல் பிள்ளைப்பேற்று விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்திருக்கிறது. ஒரே முதலாளியிடம் ஓராண்டாவது வேலை செய்த, மணமான தகப்பனுக்கும் ஏழு நாள் சம்பள விடுப்பு உண்டு. அந்த ஏழு நாளை நண்பர்களுக்கு விருந்து வைக்கவா கொடுத்தார்கள்? மாத்திரைக்கு மணி பார்ப்பதும், ராத்திரி பிள்ளையைத் தூக்கித் தாயின் மடியில் கொடுப்பதும் உங்கள் வேலை. தொண்ணூற்றெட்டு நாள் முடியுமுன் "ஆள் பத்தல, வந்து உதிரிப் பழம் பொறுக்கு" என்று எந்தத் தண்டல் கூப்பிட்டாலும், போகச் சொல்லாதீர்கள்.

மாமியார்களே, அம்மாமார்களே! நீங்கள் பட்ட வலியை நாங்கள் மறக்கவில்லை. அன்றைக்கு உங்களுக்கு மருந்து கொடுக்க ஆளில்லை. அந்தக் குறையை மருமகளுக்கும் சீதனமாகக் கொடுக்க வேண்டாம்.

ஆஸ்பத்திரி நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். வலி எண்ணைக் கேட்கும் அட்டையை பிள்ளைப்பேற்று வார்டுகளில் எல்லாம் தமிழிலும் மாட்டுங்கள். தோட்டங்களில் இன்று வேலை செய்யும் இந்தோனேசிய, வங்காளதேசக் குடும்பங்களுக்கு அவரவர் மொழியிலும் மாட்டுங்கள். வீட்டுக்கு அனுப்பும்போது எந்த மாத்திரை, எந்த மணிக்கு, எத்தனை நாள் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் படம் போட்டுக் கொடுத்தால், எழுதப் படிக்கத் தெரியாத தாயும் பிழைத்துக்கொள்வாள்.

தொழிற்சங்கத் தலைவர்களே! சம்பளத்துக்கும் வீட்டுக்கும் நீங்கள் போராடியது சரித்திரம். கேரித் தீவிலும் பந்திங்கிலும் காப்பாரிலும் இன்னும் தோட்டத்தில் இருக்கும் பெண்களையும், தோட்டம் துண்டாடப்பட்டுக் கிள்ளான் அடுக்குமாடிகளில் குடியேறிய பெண்களையும் கூட்டி, இந்த விஷயத்தை ஒரு மணி நேரம் பேச ஒரு தாதியை அழைத்து வர முடியாதா? தீபாவளிக் கலைநிகழ்ச்சிக்கு ஆகும் செலவில் பத்தில் ஒரு பங்கு ஆகாது.

பொறுமை நல்ல குணம்தான். சம்பளத்துக்காகப் பொறுத்தோம், வீட்டுக்காகப் பொறுத்தோம், பிள்ளைகளின் படிப்புக்காகப் பொறுத்தோம். மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, வாய் திறந்து கேட்காமல் துடிப்பதற்குப் பொறுமை என்று பெயர் இல்லை. "மிஸ்ஸி, எனக்கு எட்டு. ஊபாட் தாஹான் சாக்கிட் கொடுங்க!" என்று நம் பெண்கள் தலை நிமிர்ந்து சொல்லட்டும். சொல்லக் கற்றுக்கொடுப்பது நம் ஒவ்வொரு வீட்டின் கடமை.